ஊடுகதிர்: பெயர் சொல்லாத மறுபாதி

ஒரு பொருளுக்குப் பெயரிடும்போது, அதனைப் பற்றி நாம் அறிந்த ஒன்றையே பெரும்பாலும் பெயராக்குகிறோம். அறியாமையையே பெயராக்கிய நிகழ்ச்சியும் அறிவியல் வரலாற்றில் உண்டு. செருமானிய இயற்பியலறிஞர் வில்லெம் கொன்ராட் ரோண்ட்கன், தாம் கண்ட புதிய கதிரின் இயல்பு விளங்காமையால் அதனை ‘எக்ஸ் கதிர்’ என்றார். இயற்கணிதத்தில் மதிப்புத் தெரியாத எண்ணுக்கு இடும் குறி அது. ஆங்கிலம் அப்பெயரையே நிலைநிறுத்திக்கொண்டது. செருமன் மொழி, கண்டவரைச் சிறப்பித்து ‘ரோண்ட்கன் கதிர்’ என வழங்குகிறது. தமிழோ செயலை நோக்கி ‘ஊடுகதிர்’ என்றது. இங்குள்ள ‘ஊடு’, ஊடல் கொள்ளுதலைக் குறிக்கும் வினையன்று. ‘ஊடுருவு’ என்பதில் நிற்கும், ‘இடையே, உள்ளே’ எனப் பொருள்படும் சொல்லாகும்.

இம்மூன்றனுள் கேட்டவுடன் பொருள் விளங்குவது தமிழ்ப் பெயரே. எனினும், அது இக்கதிரின் கதையில் பாதியையே சொல்கிறது. மறுபாதியை மனிதர் எவ்வாறு கற்றனர் என்பதை இங்குக் காண்போம்.

கதிரின் வரலாறு, அதனை ஈன்ற குழாயின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது. 1857ஆம் ஆண்டளவில் பான் நகரைச் சேர்ந்த கண்ணாடிக் கைவினைஞர் ஐன்ரிக் கைசுலர், பாதரச இறைப்பியால் காற்றை வெளியேற்றி, இரு முனைகளிலும் உலோகக் கம்பி பதித்த குழாய்களைச் செய்தார். மின்சாரம் பாய்ந்தபோது அவை வண்ண ஒளி வீசின. 1869இல் இட்டார்ப் என்பார், குழாயினுள் எதிர்மின்வாய்க்கு முன் வைத்த பொருளின் நிழல் எதிர்ப்புறக் கண்ணாடியில் விழுவதைக் கண்டார். 1876இல் கோல்டுசுடைன், அந்நிழலுக்குக் காரணமான கதிரை ‘எதிர்மின்வாய்க் கதிர்’ என்றார். இங்கிலாந்தில் வில்லியம் குரூக்சு மேலும் சிறந்த வெற்றிடம் கொண்ட குழாய்களால் அதனை ஆராய்ந்தார். இத்தகைய குழாய்கள் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இருந்தன. அவற்றினின்று புறப்பட்ட மற்றொரு கதிரை எவரும் இனங்காணவில்லை.

1895 நவம்பர் 8ஆம் நாள், வூர்சுபர்க்கு நகரில் ரோண்ட்கன் அத்தகைய குழாயொன்றைக் கறுப்பு அட்டையால் மூடி, இருட்டறையில் இயக்கினார். ஒளி கசியவில்லை. ஆயினும், சற்றுத் தொலைவில் கிடந்த பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்ந்தது. ஏழு வாரங்கள் அவர் அதனைத் தனித்து ஆராய்ந்தார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையை ஒளிப்படத் தகட்டின்மேல் வைக்கச் செய்து படம் பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. டிசம்பர் 28ஆம் நாள் தம் ஆய்வுரையை அந்நகரின் இயற்பியல், மருத்துவக் கழகத்திடம் அளித்தார். 1896 சனவரியில் செய்தி உலகெங்கும் பரவியது. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை.

அப்படம் எவ்வாறு உருவாயிற்று என எண்ணிப் பார்ப்போம். கதிர் முழுவதும் கையை ஊடுருவிச் சென்றிருந்தால், தகடு எங்கும் ஒரே சீராகக் கறுத்திருக்கும், உருவம் தோன்றியிராது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பு, தசையைவிட மிகுதியாகக் கதிரைத் தடுத்தமையால்தான் உருவம் பிறந்தது. ஊடுருவிய கதிரும் ஊடுருவாத கதிரும் சேர்ந்தே படத்தை வரைகின்றன. உடலில் தங்கிய கதிர் தன் ஆற்றலை அங்கேயே விட்டுவிடுகிறது. தீங்கு செய்வது அந்த ஆற்றலே. ‘ஊடுகதிர்’ என்னும் பெயர் சொல்லாத மறுபாதி இதுவாகும்.

தொடக்ககாலத்தில் இதனை எவரும் அறியவில்லை. குழாயில் எஞ்சிய வளியின் அளவு மாறுந்தோறும் கதிரின் வலிமையும் மாறியது. ஆகவே, இயக்குநர் பலர் தம் கையையே குழாயின் முன் நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா எனச் சோதித்தனர். 1896இலேயே அமெரிக்கப் பொறியியலறிஞர் எலிகு தாம்சன், தம் சுண்டுவிரலை வேண்டுமென்றே கதிருக்குக் காட்டி, அது வீங்கிப் புண்ணானதைப் பதிவு செய்து எச்சரித்தார். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாரன்சு டாலி, கைசுலரைப் போன்றே கண்ணாடிக் கைவினைஞர். குழாய்களை நாள்தோறும் சோதித்த அவருடைய கைகள் புற்றுநோயால் வெட்டியெடுக்கப்பட்டன. 1904இல் அவர் மறைந்தார். எடிசன் அத்துறையை விட்டே விலகினார். இவ்வாறு உயிரிழந்தோர்க்கு ஆம்பர்க்கு நகரில் 1936இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பல நாட்டு மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

மாற்றம் குழாயிலேயே வந்தது. 1913இல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்சு, உயர் வெற்றிடக் குழாயினுள் டங்சுடன் இழையைச் சூடேற்றி எலக்ட்ரான்களை வெளிப்படச் செய்தார். இழையின் வெப்பம் கதிரின் அளவையும், மின்னழுத்தம் அதன் ஊடுருவும் திறனையும் பெரிதும் முடிவு செய்தன. இனிக் கையை நீட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. 1928இல் சுடாக்கோம் நகரில் கூடிய பன்னாட்டு மாநாட்டில், கதிர்ப் பாதுகாப்பிற்கெனத் தனிக்குழு அமைந்தது. 1971இல் இலண்டன் மருத்துவமனையொன்றில் அவுன்சுபீல்டு உருவாக்கிய சிடி வருடி, முதன்முறையாக நோயாளி ஒருவரின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. பல திசைகளில் எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டது என்பதை அளந்து, கணினி வழி அப்படம் உருவாக்கப்பட்டது. தங்கிய பாதி, இப்பொழுது கணக்கிடப்படும் அளவாயிற்று.

இதற்கிடையே 1912இல் மேக்சு வான் லௌவேயின் கருத்துவழி நிகழ்ந்த படிகச் சோதனை, இக்கதிரும் ஒளியைப் போல் அலையியல்பு உடையதே எனக் காட்டியது. ‘எக்ஸ்’ என்னும் புதிர் அவிழ்ந்தது; பெயர் மட்டும் மாறவில்லை. நம் ‘ஊடுகதிர்’ என்னும் சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. எச்சொல்லும் பொருளின் எல்லாக் கூறுகளையும் சுமப்பதில்லை. எஞ்சியதை விளக்குவது ஆசிரியர் பணி. படமெடுப்பவர் ஏன் தடுப்புச் சுவருக்குப் பின்னே சென்று நிற்கிறார் என்று மாணவர் ஒருவர் கேட்டால், அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் மறுபாதியையும் அவருக்குச் சொல்வோம்.