சுடுகாடு இல்லாத ஊர்

2021 டிசம்பர் 17 இரவு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். போனவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு விடுதி விடுதியாகப் பரவியது. இறந்தது யார் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விடிந்த பிறகும் சாலை திறக்கவில்லை. கடைசியில் அதிகாரிகள் ஒரு விநோதமான காரியத்தைச் செய்ய வேண்டியிருந்தது. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை வீடியோ காலில் கூப்பிட்டு, உயிரோடு இருப்பதைக் கூட்டத்துக்குக் காட்டினார்கள்.

யாரும் இறக்கவில்லை. செய்தி அதோடு ‘வதந்தி’ என்ற தலைப்பில் முடிந்துபோனது. எனக்கு அது முடியவில்லை. ஒரே அறையில் படுத்து, ஒரே பஸ்ஸில் போய், ஒரே லைனில் நிற்கும் பெண்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஒரு தேசிய நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது. ஒருவேளை நிஜமாகவே ஒருத்தி இறந்திருந்தால்? யார் வந்து சொல்லியிருப்பார்கள்? ஒரு வருடம் கழித்து அந்த நாளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. இந்தக் கேள்விகளோடுதான் கொஞ்ச காலமாக இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டியதிலிருந்து தொடங்கும் வரலாறு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது அதைவிடப் பழையது: இந்த மண்ணில் செத்தவர்களை நினைவில் வைத்த வரலாறு.

*

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைத் தொல்லியல்காரர்கள் முதலில் அறிந்துகொண்டது அதன் கல்லறைகள் வழியாகத்தான் என்று சொல்லலாம். 1880-களில் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் தோண்டியபோது கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. 1950-களின் தொடக்கத்தில் மதுராந்தகம் பக்கத்தில் உள்ள சானூரில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் தோண்டப்பட்டன. கறுப்பு சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் வெளியே வந்தன. ஏரிக்கரையிலும் மேட்டு நிலத்திலும் இப்படிப்பட்ட கல்வட்டங்கள் மாவட்டம் முழுக்க இருந்தன. இன்று சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் வட்டாரமும் இதே நிலப்பரப்புதான். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை குழி போட்டபோது கற்கருவிகள் வரைக்கும் போனது.

ஒரு கல்வட்டத்தை ஒரு குடும்பம் தனியாக எழுப்ப முடியாது. பாறையைப் பிளக்கணும், உருட்டிக் கொண்டு வரணும், குழி தோண்டணும், குயவர் பேழை சுடணும். ஒரு ஆள் செத்ததற்கு ஊரே பல நாள் உழைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கற்களில் பெயர் கிடையாது. பெயர் சொல்ல ஆட்கள் பக்கத்திலேயே இருந்ததால் எழுத வேண்டிய தேவை இல்லாமல் இருந்திருக்கலாம்.

பெயர் எழுதும் வழக்கம் நடுகல்லோடு வருகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடுவதை ஆறு கட்டமாகத் தொல்காப்பியம் பிரிக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்திப் பாடுவது வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் கூட வேண்டும்.

இன்று இங்கே வேலைக்கு வரும் பலருக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம். அந்த மாவட்டத்தின் செங்கம் பகுதிதான் தமிழ்நாட்டு நடுகற்களின் பெரிய களஞ்சியம். 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி காலத்தில் தொல்லியல் துறை அங்கே கிடைத்த கற்களைப் படியெடுத்துப் பதிப்பித்தது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது.

1,400 வருடம் கழித்து ஒரு நாயின் பெயரும் அது செய்த வேலையும் நமக்குத் தெரிகிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

*

ஸ்ரீபெரும்புதூரில் நினைவுக்கு இன்னொரு பெரிய ஏற்பாடும் உண்டு. 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்பது வைணவ மரபு. அவர் வாழ்ந்த காலத்திலேயே வடித்து, அவரே தழுவிக்கொண்ட படிமம் என்று நம்பப்படும் ‘தாம் உகந்த திருமேனி’ இங்கே கோயிலில் இருக்கிறது. பக்தியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பொறியாளனாகப் பார்த்தாலும் அந்த ஏற்பாடு ஆச்சரியம்தான். ஆசாரியர்களுக்குத் தனியன் என்று ஒரு சின்னச் செய்யுள் இருக்கும். பாசுரத்தைத் தொடங்குவதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். ஆசாரியரைக் கொண்டாடுவது பிறந்த நட்சத்திரத்தில். ராமானுஜருக்குச் சித்திரைத் திருவாதிரை. ஒரு சிறிய கூட்டம் தன் ஆட்களை நூற்றாண்டுகளாக மறக்காமல் இருப்பதற்குக் காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை. பெயரைச் சொல்ல ஒரு நேரமும், சொல்லியே ஆக வேண்டிய ஓர் ஆளும் இருப்பதுதான்.

அதே ஊரில், 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடும் கொலையாளியோடும் சேர்த்து குண்டில் இறந்தவர்கள் இன்னும் 14 பேர். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கட்சிக்காரர்கள், கவிதை வாசிக்க வந்த ஒரு சிறுமி, அவளுடைய அம்மா. ராஜீவ் நினைவிடம் ஏழு தூண்களோடு கட்டப்பட்டு 2003-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கையால் திறக்கப்பட்டது. மே 21 வந்தால் மாலையும் மலர்வளையமும் வரும். மற்ற 14 பேரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுந்தது தண்டனைக் கைதிகளின் விடுதலை விவாதத்துக்கு வந்தபோதுதான். 2022-இல் அது முடிந்தது. அதன்பின் அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. குடும்பங்கள் மட்டும் வீட்டில் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஊர் இருந்தால் எல்லாரையும் சமமாக நினைவில் வைக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இந்தப் பக்கத்து கிராமங்களில் ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு. சாவு சேதி சொல்லப் போவதும் பறை அடிப்பதும் யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பதும் நமக்குத் தெரியும். அப்படி இருந்தும் சாவு ஊருக்குள்ளேதான் நடந்தது. மூணாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம், முதல் வருஷ நினைவு நாள், பொங்கலுக்குப் புதுத்துணி வைத்துப் படையல் என்று செத்தவரின் பெயர் வருஷத்துக்குச் சில தடவையாவது வாயில் வந்துகொண்டிருந்தது.

*

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. 2010 அக்டோபர் 31 அன்று, அங்கே வேலை பார்த்த ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி, சிகிச்சை பலிக்காமல் இறந்துபோனார். கூட வேலை பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். வேலையை நிறுத்தினார்கள், கேள்வி கேட்டார்கள். அன்றைக்கு அவருக்கு ஓர் ‘ஊர்’ இருந்தது. ஆயிரக்கணக்கான தோழிகளும் தோழர்களும் அவர் பெயரைச் சொன்னார்கள்.

2014 நவம்பர் 1-இலிருந்து அந்த ஆலை இயங்கவில்லை. அவர் இறந்து சரியாக நான்கு வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. வேலை இழந்தவர்கள் திருவள்ளூர், விழுப்புரம், வேலூர் என்று சிதறினார்கள். சிலர் ஜவுளிக்கடைக்குப் போனார்கள், சிலர் கல்யாணம் ஆகிப் போனார்கள். பிறகு அந்தக் கட்டடங்களை சால்காம்ப் வாங்கியது. புதிய ஆட்கள் புதிய அடையாள அட்டையோடு அதே வாசல் வழியாக உள்ளே போனார்கள். ‘இங்கேதான் ஒரு பொண்ணு இறந்துபோச்சு’ என்று காட்டிச் சொல்ல எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்? வீட்டில் அம்மா அப்பா நினைத்துக்கொள்வார்கள். வேலையிடத்து நினைவு என்பது வேறு. அதை வைத்திருந்த கூட்டமே கலைந்துவிட்டது.

அரசாங்கத்துக்கு நினைவு இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் படிவங்கள் உண்டு. உயிர்ச்சேதம் நடந்தால் அறிவிக்கணும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. வேலையால் ஏற்பட்ட மரணம் என்றால் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதத்தைச் சார்ந்தோருக்குப் பிரித்துத் தரும் ஏற்பாடு இ.எஸ்.ஐ.யில் வந்தது. ஈமச்சடங்குக்கு என்று தந்த தொகை 2019-இல் 15,000 ரூபாயாக உயர்ந்தது. வேலைக்கு வரும்போதோ போகும்போதோ நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2010-இல் திருத்தினார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலை இருட்டில் ரோடு தாண்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. போராடி வாங்கியவை இவை. ஆனால் இந்தப் படிவங்கள் கேட்பது எப்படிச் செத்தார், எப்போது செத்தார், யாருக்குப் பணம் என்ற மூன்றைத்தான். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பெயர் இருப்பது காண்டிராக்டரின் பதிவேட்டில். காண்டிராக்டர் மாறினால் பதிவேடும் அவரோடு போய்விடும்.

என் தூக்கம் கெட்ட காரணம் இதுதான். ஓர் ஆலைக்கு நாங்கள் செய்துகொடுத்த ஆள்கணக்கு மென்பொருளில், ஒருவர் வேலையை விட்டுப் போனால் காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் உண்டு. ராஜினாமா, ஒப்பந்தம் முடிந்தது, சொல்லாமல் போனவர், இறந்தவர். பழைய தரவைச் சரிபார்க்கும்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி திரையைக் காட்டிச் சொன்னான்: “அண்ணே, இவன் சொல்லாம போகல. லீவுக்கு ஊருக்குப் போனான், அங்க வண்டில அடிபட்டு செத்துட்டான். யாரும் வந்து சொல்லல, அதான் இப்டி போட்டு வச்சிருக்காங்க.” பத்து நாள் வேலைக்கு வராதவர்களை அந்தக் கணினி தானாகவே ‘சொல்லாமல் போனவர்’ ஆக்கிவிடும். எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்த ஒரு வரி அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை.

*

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. சிப்காட் கட்டியது, 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2021-இன் சாலை மறியலை நினைத்தால் இது பெரிய மாற்றம்தான், வரவேற்க வேண்டியதுதான். ஒரு நகரத்துக்கு உண்டான மக்கள்தொகை. ஆனால் அந்த நகரத்தில் கிழவிகள் கிடையாது, குழந்தைகள் கிடையாது, சுடுகாடு கிடையாது. யாராவது இறந்தால் உடல் அமரர் ஊர்தியில் சொந்த ஊருக்குப் போகும். கட்டிலுக்கு வேறு ஆள் வரும். விடுதி என்றால் அப்படித்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. என்றாலும் மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளுக்குத் துக்கம் கொண்டாட எந்த உறவுமுறையும் இல்லை. பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை. காரியத்துக்குப் போக லீவும் கிடைக்காது. தோழிக்குத் தீட்டு உண்டா என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

ஆட்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரகடம் கூட்ரோடு பக்கம் மின்கம்பத்தில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ்களை நின்று படித்துப் பாருங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வைத்ததில் கீழே மகன், மருமகன், பேரன் என்று வரிசை இருக்கும். வெளியூர்ப் பையன்களுக்கு வைத்ததில் ‘ரூம் நண்பர்கள்’, ‘பி ஷிப்ட் நண்பர்கள்’ என்று இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊர்: செய்யாறு, கள்ளக்குறிச்சி, திட்டக்குடி. ஒரு ஃபிளக்ஸில் கடைசி இரண்டு பெயர்கள் ஒடிசாக்காரர்களுடையவை, தமிழில் எழுதியிருந்தது. ஆளுக்கு இருநூறு முந்நூறு போட்டு அடித்திருப்பார்கள். பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, நட்டவர்கள் யார் என்பதும் இருக்கிறது. கல்லுக்குப் பதில் ஃபிளக்ஸ் என்பதால் ஒரு மாதம் தாங்கும். பிறகு அதையே பக்கத்து டீக்கடைக்காரர் சாரலுக்கு மறைப்பாகக் கட்டிவிடுவார். அவரும் பாவம், என்ன செய்வார்.

கொஞ்ச நாளாக நானும் ஒரு வேலை செய்கிறேன். ஃபிளக்ஸில் பார்க்கும் பெயரைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் அந்த ரூம் பையன்களைத் தேடிப் போய் இரண்டு விஷயம் கேட்டு ஒரு கோப்பில் எழுதி வைக்கிறேன். எங்கேயும் வெளியிடுவதற்கு இல்லை. வீட்டார் கேட்டால் கொடுப்பேன். முதலில் வயது, ஊர், ஆலை, தேதி என்று கட்டம் கட்டித்தான் தொடங்கினேன், பழக்கதோஷம். எடுத்தனூர்க் கல்லைப் படித்த பிறகு ஒரு கட்டம் கூட்டினேன்: ‘என்ன செய்வார்?’

இந்தக் கேள்விக்குப் பையன்கள் முதலில் முழிப்பார்கள். அப்புறம் ஒருவன் ஆரம்பித்தால் நிற்காது. போன மாதம் போன ரூமில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: “நைட் ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் பஸ்ல தூங்கிடுவோம்ணே. இவன் மட்டும் தூங்க மாட்டான். ஸ்டாப் வந்தா ஒவ்வொருத்தனா எழுப்பி எறக்கி விடுவான். இவன் எறங்குறது கடைசி ஸ்டாப்பு.”