ஜனாதிபதியின் பிரஷர்

1945, ஏப்ரல் 12. அமெரிக்காவின் வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர் ஒருவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை வரைந்துகொண்டிருக்கிறார். பின்மண்டையில் பயங்கர வலி என்றார் ரூஸ்வெல்ட். அடுத்த கணம் மயங்கிச் சரிந்தார். டாக்டர் வந்து பிரஷர் பார்த்தால், 300/190! மூளையில் ரத்தக்கசிவு. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வயது 63.

திடீர் மரணம் என்று உலகமே அதிர்ந்தது. ஆனால், திடீரென்று வந்ததா என்ன? முந்தைய வருட மார்ச்சிலேயே இதய நிபுணர் ஹோவர்ட் புரூன் அவரைப் பரிசோதித்திருந்தார். அப்போதே 186/108. இதயமும் பெரிதாகியிருந்தது. ஜனாதிபதியின் ஆஸ்தான டாக்டர் மெக்கின்டயரோ காது, மூக்கு, தொண்டை நிபுணர். 'நல்லாத்தான் இருக்கார்' என்றே மக்களுக்குச் சொல்லிவந்தார்.

உண்மை தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதுதான் சோகம். பிரஷரைப் பத்திரமாகக் குறைக்கும் நல்ல மாத்திரை அன்றைக்குக் கிடையாது. உப்பைக் குறை, ஓய்வெடு, அவ்வளவுதான். வயசானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று நம்பிய டாக்டர்களும் உண்டு.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஃபிராமிங்ஹாம் என்ற சின்ன ஊர். 1948-ல் அங்கே ஆய்வு ஆரம்பம். 5,209 பேரை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். உயர் ரத்த அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவிடுகிறது என்பது நிரூபணமானது.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை இன்றைக்கு உங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. ஆனால், பிரஷர் பெரும்பாலும் வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. நாம்தான் போய்ப் பார்க்கணும்.

நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?