வணங்கி நின்ற மகாராஜா



வேற்று மாநிலத்தில் குடியேறிய ஒருவர் முதன்முதலில் எதிர்கொள்ளும் வினா, "நீங்கள் யார்?" என்பதே. பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த நாம் அனைவரும் அதற்கு விடை கூறியே இங்கு வேரூன்றினோம். அதே வினாவை உலக அரங்கில் எதிர்கொண்ட ஓர் இந்திய விமான நிறுவனத்தையும், அதன் சார்பில் விடை கூறிய வணிக அதிகாரி ஒருவரையும் இன்று நினைவு கூர்வோம்.

1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அத்தபாலை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட். அந்நிறுவனத்தில் 1938இல் பணியேற்றவர் சோராப் கூகா. 'பாபி' கூகா என்றே அனைவரும் அழைத்தனர். 1946இல் அது 'ஏர்-இந்தியா' எனப் பெயர் பெற்றது. 1948 ஜூன் 8ஆம் நாள் 'மலபார் பிரின்சஸ்' விமானம் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது.

அயல்நாட்டுப் போட்டியில் இறங்கிய நிறுவனத்திற்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. அக்காலத்தில் பன்னாட்டு வழித்தடங்களின் கட்டணத்தை விமான நிறுவனங்களின் உலகச் சங்கம் கூடி வகுத்தது. ஆகவே விலையைக் குறைத்துப் பயணிகளை ஈர்க்க வழியில்லை. எஞ்சியவை இரண்டே: உபசரிப்பும் விளம்பரமும். விமானங்களோ சில; எதிரே நின்றவையோ செல்வம் மிக்க மேலை நாட்டு நிறுவனங்கள்.

இந்நிலையில் கூகாவுக்குத் துணை நின்றது 1946இல் அவர் கருத்தில் உதித்த ஓர் உருவம். ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவ் அதனை வரைந்தார். விமானத்தில் வழங்கும் குறிப்புத் தாளுக்காகத் தோன்றிய அவ்வுருவமே தலைப்பாகையும் பெருமீசையும் கொண்டு, குனிந்து வணங்கும் 'மகாராஜா'. பின்னர் அவர் ஊருக்கொரு வேடம் பூண்டார்; டோக்கியோ விளம்பரத்தில் சுமோ மல்லராகவும் நின்றார்.

சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்துவிட்டன; 1953இல் விமானப் போக்குவரத்தும் அரசுடைமையாயிற்று. குடியரசின் நிறுவனத்திற்கு மன்னர் சின்னம் தகுமா என்ற வினா எழுந்தது இயல்பே. உழவரையும் தொழிலாளரையும் விடுத்து அரண்மனையைக் காட்டுவதா என்று கேட்டோரின் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. இந்தியா என்றால் யானையும் அரசரும்தான் என்று மேலை நாட்டார் முன்னரே எண்ணியிருந்தனர். கூகா அவ்வெண்ணத்தோடு வாதிடவில்லை. அந்த அரசரையே பயணியின் முன் பணிந்து நிற்கச் செய்தார். நகைப்பு பிறர் கையிலிருந்து நம் கைக்கு மாறியது.

1971இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் முன்னாள் மன்னர்களின் மானியம் ஒழிந்தது. விளம்பரப் பலகையின் மகாராஜாவோ பதவி இழக்கவில்லை. 2022 ஜனவரி 27ஆம் நாள் நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றபோதும் மக்கள் முதலில் நினைத்தது அவரைத்தான்.

தில்லித் தெருக்களில் நம் உச்சரிப்பையும் உணவையும் சுட்டி நகைத்தோர் உண்டு. அவர்கள் தீட்டிய சித்திரத்திற்கு நாணி ஒதுங்குவதா? அல்லது அதனையே எடுத்து, நம் கையால் திருத்தி, வந்தவரை வரவேற்று அமரச் செய்வதா? கூகாவின் வாழ்வு இரண்டாவது வழியைக் காட்டுகிறது. தன் பெருமையை உணர்ந்தவனுக்கே தன்னைப் பார்த்துச் சிரிக்கவும் துணிவு வரும்.