கொடுக்குக்குக் கிட்டப் போனவர்கள்

தேனீ, குளவி மாதிரிக் கொட்டுகிற பூச்சிகளை மக்ரோ லென்ஸில் எடுத்த படங்கள் இப்போது எங்கட போனுக்கே வந்து விழுகின்றன. தேனீயின் கண்ணில் முளைத்திருக்கிற மயிர்கூடத் தெரிகிறது. பார்த்து ஒரு லைக் போட்டுவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் அந்தப் படங்களுக்குப் பின்னால் நானூறு வருடப் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. பூச்சி அசையும். அசையாமல் இருக்க வேண்டுமென்றால் அது பெரும்பாலும் செத்திருக்க வேண்டும்.

கமராவுக்கு முன்னமே கதை தொடங்கிவிட்டது. 1624இல் கலிலியோ தான் செய்த நுணுக்குக்காட்டி ஒன்றை நண்பர் ஃபெடெரிக்கோ செசிக்குக் கொடுத்தார். அடுத்த வருடமே செசியும் பிரான்செஸ்கோ ஸ்டெல்லூட்டியும் உரோமில் 'மெலிஸ்ஸோகிராபியா' என்ற பெரிய தாளொன்றை அச்சிட்டார்கள். அதில் மூன்று தேனீக்கள்: ஒன்று முதுகைக் காட்டும், ஒன்று வயிற்றை, ஒன்று பக்கவாட்டில். கால், தலை, கொடுக்கு எல்லாம் தனித்தனியாக. ஏன் தேனீ? அப்போதைய பாப்பரசர் எட்டாம் அர்பனின் குடும்பச் சின்னத்தில் இருந்தது மூன்று தேனீ. அவரைக் குளிர்விக்கத்தான் இவ்வளவும். அதே பாப்பரசரின் காலத்தில், 1633இல், கலிலியோ விசாரணைக்கு இழுக்கப்பட்டார். தேனீப்படம் ஒன்றுக்கும் உதவவில்லை.

1665இல் லண்டனில் றொபர்ட் ஹூக் 'மைக்ரோகிராபியா'வில் தேனீயின் கொடுக்கை மட்டும் பெருப்பித்து வரைந்தார். அதில் பின்பக்கம் பார்த்த முட்கள் தெரிந்தன, தூண்டில் முள் மாதிரி. எங்கட தோலில் ஏறினால் திரும்பி வராது. வேலைக்காரத் தேனீ கொடுக்கையும் வயிற்றின் ஒரு பகுதியையும் விட்டுவிட்டுச் சாகும். குளவியின் முட்கள் மிகச் சிறியவை, அதால் திரும்பத் திரும்பக் கொட்ட முடியும். இது படிப்பறிவுக்கான விசயம் மட்டுமில்லை. மலையகத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் செய்தியில் பெரும்பாலும் 'குளவி கொட்டு' என்றுதான் வரும். உண்மையில் எது கொட்டியது என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. சிகிரியாவில் 'குளவி' என்று பயப்படுவதும் அந்தப் பாறையில் அடை கட்டுகிற பெரிய மலைத்தேனீக்குத்தான். கொடுக்கு தோலிலேயே நின்றால் அது தேனீ. சுணங்காமல் எடுக்க வேண்டும், அதோடு ஒட்டியிருக்கிற நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஹூக்கிடம் எங்களுக்குப் பிடித்தது கொடுக்கு இல்லை, எறும்பு. (எறும்பும் தேனீ, குளவிக்குச் சொந்தக்காரர்தான்.) காலை மெழுகில் ஒட்டினால் அது உடம்பை முறுக்கியது. கொன்றால் வடிவம் கெட்டது. கடைசியில் பிராந்தியில் போட்டார். வெறியில் அசையாமல் கிடந்தது, அவர் வரைந்தார். ஒரு மணித்தியாலமளவில் எறும்பு வெறி முறிந்து எழும்பி ஓடிவிட்டது.

நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் இதில் இன்னும் கடும் ஆள். தேனீக்கூட்டின் 'ராசா' என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டதை அறுத்து, உள்ளே சூலகம் இருப்பதை வரைந்து காட்டினார். அது பெண் என்று முன்னமே சிலர் சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் படம் வந்த பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை. அவர் 1680இல் இறந்தார். அந்த வரைபடங்கள் நூலாக வந்தது 1737இல்.

கமரா வந்த பிறகு புதுத் தலையிடி. பூச்சி படத்தை நிரப்புமளவுக்குக் கிட்டப் போனால், தெளிவாக விழுகிற பகுதி மில்லிமீட்டர் கணக்கில் மெலிந்துவிடும். கண் தெளிந்தால் கொடுக்கு மங்கும். கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நிறையப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியில் அடுக்கிச் சேர்ப்பதுதான் இதற்கு வழி. லெவோன் பிஸ் என்ற படப்பிடிப்பாளர் ஒரு பூச்சிக்கு எட்டாயிரம் படங்களளவில் எடுத்தார். அமெரிக்காவின் மேரிலாந்தில் சாம் ட்ரோகியின் தேனீ ஆய்வுகூடம் இந்த முறையை இராணுவத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. படையினரைக் கடிக்கிற பூச்சிகளை இனங்காண அவர்கள் பாவித்தது. ட்ரோகியின் ஆட்கள் செத்த தேனீக்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மயிர் குலையாமல் காற்றில் உலர்த்திப் படமெடுத்தார்கள். அந்தப் படங்களை யாரும் காசு கட்டாமல் பாவிக்கலாம். மினுங்குகிற அந்தத் தேனீக்கள் உயிரோடு இருப்பது மாதிரித்தான் இருக்கும். எல்லாமே ஊசியில் குத்தப்பட்டவை.

1858இல் அல்பிரட் ரஸல் வொலஸ் இந்தோனேசியாவின் பச்சான் தீவுக்குப் போய் அங்கே ஒரு பெண் தேனீயைப் பிடித்தார். கட்டைவிரலளவு நீளம், பெரிய தாடை. உலகிலேயே பெரிய தேனீ அதுதான். பிறகு 1981வரை அது விஞ்ஞானிகள் ஒருவரின் கண்ணிலும் படவில்லை. அதன் பிறகும் உயிரோடு எடுத்த படம் என்று ஒன்றுமில்லை. 2018இல் செத்த தேனீ ஒன்று ஈபேயில் 9,100 டொலருக்கு விலைப்பட்டது. 2019 ஜனவரியில் கிளே போல்ட் என்ற படப்பிடிப்பாளரும் சில விஞ்ஞானிகளும் வட மலுக்குத் தீவுகளில் நாட்கணக்காகத் தேடி, மரத்திலிருந்த கறையான் புற்றொன்றில் ஒரேயொரு பெண் தேனீயைக் கண்டார்கள். மெல்ல வெளியே வரப்பண்ணி, படமெடுத்து, திரும்பக் கூட்டுக்கே விட்டார்கள்.

கூடுதலாகப் பரவிய படத்தில் பக்கத்தில் சாதாரணத் தேனீ ஒன்றும் இருக்கும். அளவு விளங்கட்டும் என்று இரண்டு படங்களை ஒட்டிச் செய்தது அது. படம் பரவப் பரவ, சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள் என்ற பயமும் வந்தது. அதனால் தாடையும் இறக்கையும் தெளிவாகத் தெரிகிற அந்தப் படங்களோடு அவர்கள் ஒன்றை மட்டும் வெளியே விடவில்லை: அந்தப் புற்று சரியாக எங்கே இருக்கிறது என்பதை.