தானா ராத்தா: தோட்டமும் பட்டணமும்

பகாங், கேமரன் மலை மாவட்டத்தில் உலு தெலோம், ரிங்லெட், தானா ராத்தா என மூன்று முக்கிம்கள் உள்ளன. மாவட்ட மன்றம் இயங்குவது தானா ராத்தா பட்டணத்தில். இதே பெயரிலான சட்டமன்றத் தொகுதியும் கீழ்ப்பகுதியிலுள்ள ஜெலாயும் சேர்ந்ததே கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி.

தமிழர்கள் இந்த மலைக்குத் தேயிலையோடு வந்தவர்கள். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார்; 1933இல் பாரத் தோட்டம் வந்தது. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தன. ஆனால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது; வேலை முடிந்தால் வீடும் போகும். படித்த பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட, கொழுந்து வெட்டும் வேலைக்கு இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே.

2019 இடைத்தேர்தலின்போது நாடாளுமன்றத் தொகுதியில் சுமார் 32,000 வாக்காளர்கள் இருந்தனர். இந்தியர் ஏறத்தாழ 15 விழுக்காடு. பூர்வகுடியினர் அதைவிட அதிகம், 21 விழுக்காட்டுக்கு மேல். அந்தத் தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர். 15 விழுக்காடு சிறிதல்ல: 2013இல் ம.இ.கா. தலைவர் ஜி. பழனிவேல் இங்கு வென்றது வெறும் 462 வாக்குகளில்.

மாவட்ட மன்றத்தில் அந்தப் பலமும் கிடையாது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தோட்டமோ தனியார் நிலம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி லயத்து வீடு, தண்ணீர், வடிகால் ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. அதனால் பட்டணத்தார் மன்றத்தில் மனுக் கொடுக்கும் அதே குறைக்குத் தோட்டத்தார் நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டியுள்ளது. அதிலும் தீராவிட்டால், அடுத்த படி தொழிலாளர் இலாகா.