நாலாவது கட்டம்

சிங்கூர் என்றால் இன்றைக்குப் பலருக்கும் டாடாவின் நானோ கார் தொழிற்சாலைத் தகராறுதான் நினைவுக்கு வரும். எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பிள்ளைப்பேறு, சிசு மரணக் கணக்குகளோடு மாரடித்தே ஓய்வு பெற்றவள் நான். என் தொழிலுக்கு அந்த வங்காளத்து ஊர்தான் பூர்வீகம்.

கல்கத்தாவில் 1932இல் தொடங்கிய அகில இந்திய சுகாதார நிறுவனம் சிங்கூரில் ஒரு கிராம சுகாதார நிலையம் நடத்தியது. அங்கே பிறப்பு இறப்புக்கு இரண்டு பட்டியல்கள் கிடைத்தன. ஒன்று பதிவாளருடையது. மற்றொன்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால், அந்த முரண்பாட்டைக் கொண்டே, இரண்டிலும் விட்டுப்போனது எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம் என்றார்கள் சி. சந்திரசேகரனும் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்கும். அவர்கள் கட்டுரை 1949இல் வெளிவந்தது. ஜப்பான்காரர்களுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த அதே டெமிங்தான். அவர் பெயரிலான பரிசை 1998இல் நம் சுந்தரம் கிளேட்டன் வாங்கியது. சிங்கூர்க் குழந்தைகளுக்காகவும் அந்த மனுஷர் மண்டையை உடைத்துக்கொண்டார் என்பது தொழிற்சாலைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

கணக்கு சுலபம். நாலு கட்டம் போடுங்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கும் குழந்தைகள் 60, பதிவாளரிடம் மட்டும் 20, வீட்டுக் கணக்கில் மட்டும் 15 என்று வைத்துக்கொள்வோம். இருபதைப் பதினைந்தால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 5. யார் கண்ணிலும் படாத அந்த ஐந்து பேர்தான் நாலாவது கட்டம். ஆக மொத்தம் 100 பிறப்பு.

ஆனால் இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பட்டியலில் விட்டுப்போவதற்கும் மற்றதில் விட்டுப்போவதற்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. பிறந்து மூன்றாம் நாள் இறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பதிவாளரிடம் யாரும் போயிருக்க மாட்டார்கள், வீட்டில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். அது இரண்டிலும் சேர்ந்தே விட்டுப்போகும். சூத்திரம் சொல்வதைவிட நிஜ எண்ணிக்கை கூடிவிடும். சந்திரசேகரனும் டெமிங்கும் இதை அறிந்தே எழுதினார்கள். ஒரே மாதிரியான பிரிவுகளாக ஊரைப் பிரித்து, பிரிவு பிரிவாகக் கணக்குப் போட்டுக் கடைசியில் கூட்டச் சொன்னார்கள். கட்டுரையில் எனக்குச் சூத்திரத்தைவிடப் பெரிதாகப் படுவது இந்த யோசனைதான்.

1964-65இல் சோதனையாகத் தொடங்கி, 1970 வாக்கில் நாடு முழுக்க வந்த மாதிரிப் பதிவு முறை, இரட்டைப் பட்டியல் யோசனையில் நடப்பது. உள்ளூர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பிறப்பு இறப்பை அவ்வப்போது குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் தனியாகக் கேட்டு எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒட்டாததற்கெல்லாம் மறுபடி ஆள் போவார். நாலாவது கட்டத்தைச் சூத்திரத்தால் நிரப்பாமல், கர்ப்பிணிகளின் பட்டியலைத் தனியே வைத்தார்கள். சென்ற சுற்றில் வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளுக்கு இந்தச் சுற்றில் ஏதாவது ஒரு முடிவு இருந்தாக வேண்டுமே!

ஒப்பிடுவதும் லேசான வேலை இல்லை. ஒரு தாளில் மாரியம்மாள், கணவர் முருகேசன், ஆண், ஜனவரி. இன்னொன்றில் மாரியாயி, முருகேசு, ஆண், தைப்பூசத்துக்கு மறுநாள். ஒரே குழந்தையா, இரண்டா? தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவளின் பிள்ளை எந்த ஊர்க் கணக்கு? இதற்கே பாதி நாள் போய்விடும்.

எங்கள் கள ஆய்வில் கணக்கெடுக்கப் போன பெண்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே கேள்வியைத்தான். மாமியார் வாசலிலேயே மறித்து, “செத்துத்தான் பொறந்துச்சு” என்பார். “பொறந்ததும் அழுதுச்சா பெரியம்மா?” என்று கேள் என்பேன். “லேசா முனகுச்சு” என்று பதில் வந்தால் அது உயிர்ப்பிறப்பு, சிசு மரணம் என இரண்டு கணக்கிலும் ஏறும். இல்லையென்றால் இரண்டிலும் ஏறாது.

முதல் வாரத்தில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் அதிகம் இறப்பது இயற்கை. ஓர் ஊரில் அது தலைகீழாக இருந்தால் கணக்குப் பார்க்கிறவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். சேலம், தருமபுரி ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அப்படித்தான் இருந்தது. பல பெண் சிசுக்களின் இறப்புக்கு எதிரே ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். பெண்சிசுக் கொலைக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் எழுதினார்கள். மழுப்பலான சொல்தான். ஆனாலும் அந்தக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் எதையாவது எழுதிவைத்தார்களே, அதற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

1971இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 129 சிசுக்கள் இறந்தன. 2020இல் 28. தமிழ்நாட்டில் 13. தாய் மரணம் அதைவிட அரிது என்பதால் மூன்று வருஷத்தைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 2018-20க்கு லட்சம் பிறப்புக்கு நாட்டில் 97, தமிழ்நாட்டில் 54. இப்போது இங்கே பிறப்புச் சான்றிதழுக்கே, கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது தரும் பிக்மி நம்பரைக் கேட்கிறார்கள். கர்ப்பிணிப் பட்டியல் குழந்தைக்கு முன்னாலேயே தயாராகிவிடுகிறது.

அப்படியானால் நாலாவது கட்டம் காலியா? செங்கல் சூளைகளுக்குப் போய்ப் பாருங்கள். மழைக்கு முன்னே சூளை மூடினால் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்த சுற்றுக்குப் போகிறவருக்குக் குடிசையில் ஆள் இருக்காது. அங்கே இருக்கும் ஒரே பட்டியல் சூளைக்காரரின் முன்பண நோட்டு, அதிலும் புருஷன் பெயர்தான். நான் இன்னும் வேலையில் இருந்தால் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன்.