இரத்தம் சுமந்த தூது – 6: அறுபட்ட நரம்பும் அடங்காத சுரப்பும்

சென்ற வாரம் டாக்டர் ஜார்ஜ் ஆலிவரை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஆய்வுக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஹாரோகேட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அவர், பேராசிரியர் ஷேஃபர் முன்னால் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து நீட்டினார். அதிலிருந்த அட்ரினல் சுரப்பியின் சாறு நாயின் இரத்தத்தில் கலந்ததும் அழுத்தமானியின் பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. ஹென்றி டேல் பின்னாளில் சொல்லிச் சென்ற கதை இது. டேல் என்ற பெயரை நினைவில் வையுங்கள்; இந்த வாரக் கடைசியில் அவர் மறுபடி வருவார்.

1849-இல் பெர்த்தோல்டின் சேவல்கள், 1855-இல் அடிசனின் நோயாளிகள், 1891-இல் ஆட்டுத் தைராய்டுச் சாற்றால் ஒரு பெண்ணை மீட்ட மர்ரே, பிறகு ஆலிவரும் ஷேஃபரும். இத்தனைக்குப் பிறகும் சந்தேகக்காரர்கள் அசையவில்லை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு சுரப்பியை அரைத்துப் பிழிந்து இரத்தக்குழாயில் ஏற்றினால் உடல் ஆட்டம் காண்கிறது, சரி. அரளி விதையை அரைத்துக் கொடுத்தாலும்தான் இதயம் ஆட்டம் காணும். அதனால் அரளி உடலின் தூதன் ஆகிவிடுமா?

உண்மையான கேள்வி வேறு. யாரும் எதையும் பிழிந்து ஊற்றாமல், நாம் சாப்பிட்டு, நடந்து, தூங்கும் அன்றாடத்தின் நடுவே, ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு இரத்தத்தின் வழியே கட்டளை அனுப்புகிறதா? பெர்த்தோல்ட் இதன் விடையைத் தொட்டுவிட்டார். ஆனால் அவருடைய சேவல்களை உலகம் மறந்துபோயிருந்தது.

விடை கிடைத்த இடம் யாரும் எதிர்பாராதது. தைராய்டிலோ அட்ரினலிலோ இல்லை; குடலில் கிடைத்தது. அதற்குக் குறுக்கே ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

*

செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பரிசோதனை மருத்துவ நிறுவனம். இவான் பாவ்லோவ்.

மணியோசை கேட்டு எச்சில் ஊறும் நாய்களைக் கொண்டுதான் பாவ்லோவை நமக்குத் தெரியும். அந்தப் புகழ் பின்னால் வந்தது. அதற்கு முன்பே செரிமானத்தின் தனிப்பெரும் மேதை அவர். தேர்ந்த கைகள் கொண்ட அறுவை நிபுணரும்கூட. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தருகே வெட்டி வெளியே திறந்துவிடுவார். நாய் இறைச்சியை ஆவலோடு விழுங்கும். விழுங்கியது வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியே விழும். ஆனால் ஒரு கவளம்கூட எட்டாத அந்த வயிற்றில் செரிமான நீர் பெருகி வழியும். வேகஸ் நரம்பை வெட்டினால் அந்தப் பெருக்கு நின்றுபோகும்.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? உறுப்புகளுக்குக் கட்டளையிடுவது நரம்பு. பாவ்லோவின் முடிவு இதுதான். 1897-இல் வெளிவந்த அவருடைய செரிமானச் சுரப்பிகள் பற்றிய விரிவுரைத் தொகுப்பு ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1904-இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

கணையத்துக்கும் அவர் இதே விதியைத்தான் சொன்னார். வயிற்றில் கடைந்த உணவு அமிலத்தோடு முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அந்த அமிலம் அங்கேயே தங்கினால் குடல் புண்ணாகும். குடலின் செரிமான வேலையும் நடக்காது. எனவே அமிலம் இறங்கும் அதே வேளையில் கணையம் தன் காரநீரைக் குடலில் கொட்டியாக வேண்டும். கொட்டவும் செய்கிறது. குடலுக்கு அமிலம் வந்துவிட்டதென்று சற்றுத் தள்ளியிருக்கும் கணையத்துக்கு யார் சொன்னது?

நரம்பு என்றார் பாவ்லோவ்.

ஆனால் 1900 வாக்கில் ஒரு நெருடல் முளைத்தது. பாவ்லோவின் மாணவரான போபியெல்ஸ்கியும், பிரான்சின் லில் நகரில் வெர்தைமர், லெபாஜ் என்ற இருவரும், கணையத்துக்குப் போகும் பெரிய நரம்புகளை வெட்டிவிட்டுக் குடலில் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். கணையம் அப்போதும் சுரந்தது! அமிலத்தை நேரே இரத்தத்தில் செலுத்தியபோது மட்டும் சுரக்கவில்லை.

கதவு பாதி திறந்துவிட்டது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் உள்ளே போயிருக்கலாம். ஆனால் நரம்பின் மேல் இருந்த நம்பிக்கை அவர்களைப் பிடித்து நிறுத்தியது. பெரிய நரம்பு போனால் என்ன, கணையத்தின் பக்கத்திலேயே சிறிய நரம்பு முடிச்சுகள் இருக்கின்றனவே, செய்தி அவற்றின் வழியே போயிருக்கும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். குடலின் ஒரு துண்டை எல்லா நரம்புகளிலிருந்தும் பிரித்து, அதில் அமிலத்தை விட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் யாரும் செய்யவில்லை.

*

அதைச் செய்த இருவரும் மாமன் மச்சான்கள்.

வில்லியம் பேலிஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. கூச்சம் மிகுந்தவர், மென்மையாகப் பேசுபவர், எதையும் பத்து முறை சரிபார்க்காமல் நம்பாதவர். எர்னஸ்ட் ஸ்டார்லிங் அவருக்கு நேர் எதிர். வேகம், படபடப்பு, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் குணம். ஸ்டார்லிங்கின் சகோதரி கெர்ட்ரூடை 1893-இல் பேலிஸ் மணந்துகொண்டார். குடும்ப உறவுக்கு முன்பே தொடங்கியிருந்த ஆய்வு உறவு அதன் பிறகு இன்னும் இறுகியது. குடல் எப்படி நெளிந்து உணவைத் தள்ளுகிறது என்பதை 1899-இல் இருவரும் சேர்ந்து விளக்கினார்கள்.

1902 ஜனவரி 16, வியாழக்கிழமை. யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வுக்கூடம். ஸ்டார்லிங்குக்கு வயது 35, பேலிஸுக்கு 41. சார்லஸ் மார்ட்டின் என்ற உடலியலாளரும் அன்று உடனிருந்தார். அவர் எழுதி வைத்ததால்தான் அந்தப் பிற்பகல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

மேசைமேல் சுமார் 6 கிலோ எடையுள்ள ஒரு பெண் நாய், மயக்கத்தில் கிடந்தது. இரண்டு வேகஸ் நரம்புகளையும் வெட்டினார்கள். வயிற்றுக்குள் பெரிய தமனிகளைச் சுற்றியிருந்த நரம்புத் திரள்களையும் அகற்றினார்கள். பிறகு இடைச்சிறுகுடலின் ஒரு வளையத்தை இரு முனையிலும் கட்டி, அதற்குப் போகும் நரம்பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அறுத்தார்கள். இப்போது அந்தக் குடல் வளையத்தை உடலோடு இணைப்பவை இரத்தக்குழாய்கள் மட்டுமே. கணைய நாளத்தில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, துளி விழுவதை எண்ணக் காத்திருந்தார்கள்.

முதலில் முன்சிறுகுடலில் 0.4 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். கணையம் சுரந்தது. 20 விநாடிக்கு ஒரு துளி. சில நிமிடங்களில் அடங்கியது. இது எதிர்பார்த்ததுதான்.

அடுத்தது அந்த நரம்பில்லாத வளையம். பாவ்லோவ் சொன்னது சரியென்றால் இங்கே எதுவுமே நடக்கக் கூடாது. செய்தி சொல்ல ஒரு நரம்பும் மிச்சமில்லையே. அதே அமிலத்தை வளையத்துக்குள் செலுத்தினார்கள்.

குழாயின் நுனியில் துளி திரண்டது. விழுந்தது. அடுத்த துளி திரண்டது.

கணையம் முன்பு போலவே சுரந்துகொண்டிருந்தது!

*

இந்த இடத்தில் ஒரு சராசரி ஆய்வாளர் என்ன செய்திருப்பார்? எங்கோ ஒரு நரம்பிழையை வெட்டாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார். பெரியவர் சொன்னது பொய்க்காது, நம் கத்திதான் தவறியிருக்கும் என்று மறுநாள் இன்னொரு நாயோடு வந்திருப்பார். ஸ்டார்லிங் அப்படி நினைக்கவில்லை. அப்படியானால் இது இரசாயனத்தின் வேலை என்று அந்தக் கணமே சொன்னதாக மார்ட்டின் எழுதுகிறார்.

அந்த முடிவு குருட்டு யூகம் இல்லை. நரம்பு அறுந்தும் செய்தி போகிறது என்றால் அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி இரத்தம். இரத்தத்தில் நேராகக் கலந்த அமிலம் கணையத்தைத் தூண்டுவதில்லை என்று லில் நகரத்தார் முன்பே காட்டிவிட்டார்கள். ஆகவே இரத்தத்தில் போனது அமிலம் இல்லை. அமிலம் பட்டதும் குடலின் உட்சவ்வு வேறு எதையோ செய்து இரத்தத்தில் விட்டிருக்க வேண்டும்.

அது உண்மையென்றால் அந்தப் பொருள் உட்சவ்வில் இருந்தாக வேண்டும். ஸ்டார்லிங் இன்னொரு துண்டு குடலை வெட்டி எடுத்தார். உட்சவ்வைச் சுரண்டி, மணலோடும் அமிலத்தோடும் சேர்த்து அரைத்தார். வடிகட்டினார். வடிந்த நீரை நாயின் கழுத்துச் சிரைக்குள் செலுத்தினார்.

பத்து விநாடி. இருபது. முப்பது. ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம் கடந்தது.

ஏறத்தாழ 70-ஆவது விநாடியில் கணையம் விழித்துக்கொண்டது. குடலில் அமிலம் விட்டபோது வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் சுரப்பு கொட்டியது. சந்தேகக்காரர்களின் கேள்விக்கு அன்று விடை கிடைத்துவிட்டது. நரம்பில்லாத வளையத்தில் அமிலம் பட்டபோது அந்தப் பொருளை இரத்தத்தில் விட்டது குடலேதான், எந்த ஆய்வாளரின் ஊசியும் அல்ல.

அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். கொதிக்க வைத்தாலும் அதன் வீரியம் போகவில்லை. எனவே அது நொதி இல்லை. பின்சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து எடுத்த சாறு கணையத்தை அசைக்கவில்லை. எனவே எல்லாக் குடல் சாறும் இதைச் செய்துவிடாது. ஒரே வாரத்தில், ஜனவரி 23 அன்று, செய்தி ராயல் சொசைட்டிக்குப் போனது.

இன்று நமக்கு இன்னும் நுட்பமாகத் தெரியும். முன்சிறுகுடலின் உட்சவ்வில் ஆங்காங்கே பதிந்திருக்கும் சிறப்புச் செல்கள் அமிலத்தை உணர்ந்ததும் செக்ரிடினை இரத்தத்தில் விடுகின்றன. 27 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதச் சரம் அது. இதயம் வழியாக உடல் முழுவதும் சுற்றிவருகிறது. ஆனால் அதற்கான ஏற்பிகள் உள்ள செல்கள் மட்டுமே அசைகின்றன. தெரு முழுவதும் தண்டோரா போட்டாலும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் மட்டும் எழுந்து வருவது போல. கணையம் பைகார்பனேட் நிறைந்த நீரை அனுப்பி அமிலத்தைத் தணிக்கிறது. அமிலம் தணிந்ததும் செக்ரிடினும் குறைகிறது. தேவை முடிந்ததும் கட்டளையும் முடிகிறது. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லிக்கும் இதுதான் நடந்தது. தைராய்டு, அட்ரினல் என்று நாளமில்லாச் சுரப்பிகள் அனைத்தும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன என்பதைப் பார்க்கும் கண்ணை உலகுக்குக் கொடுத்தது அந்தக் குடல் வளையம். 1905 ஜூனில் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற சொல்லை அறிமுகப்படுத்தியதும் இந்த அடித்தளத்தின் மேல் நின்றுதான்.

பாவ்லோவ் என்ன செய்தார்? வாழ்நாள் உழைப்பின் அடிப்படையிலேயே அடி விழுந்திருக்கிறது. தன் கூடத்திலேயே சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். கணையம் அங்கேயும் சுரந்தது. அவர் பேசாமல் தன் அறைக்குள் போனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொன்னது சரிதான், உண்மையைக் கண்டுபிடிக்க நாம் மட்டும் குத்தகை எடுத்திருக்கவில்லையே என்ற பொருளில் சொன்னார். அவருடைய மாணவர் பாப்கின் இதைப் பதிவு செய்திருக்கிறார். செக்ரிடினைக் கண்டவர்களுக்கு நான் தரும் மரியாதையில் ஒரு துளியும் குறையாமல் இந்த அரை மணி நேரத்துக்கும் தருகிறேன். தன் கொள்கை தோற்றதைத் தன் கூடத்திலேயே சோதித்துப் பார்த்து, தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் மனிதர்கள் இருக்கும்வரைதான் அறிவியல் அறிவியலாக இருக்கும்.

*

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. இந்த அறிவின் விலையை மேசைமேல் கிடந்த நாய்கள் கொடுத்துக்கொண்டிருந்தன. அதைப் பேசாமல் கடந்துபோவது நேர்மையாகாது.

1903 பிப்ரவரி 2. அதே யுனிவர்சிட்டி காலேஜ். பேலிஸ் மாணவர்களுக்கு ஒரு செயல்விளக்கம் காட்டுகிறார். மேசைமேல் பழுப்பு நிறத்தில் ஒரு டெரியர் நாய். அதன் வயிற்றில் ஒரு பழைய தழும்பு. முந்தைய டிசம்பரில் ஸ்டார்லிங் கணைய ஆய்வுக்காக அறுத்த இடம் அது. செயல்விளக்கம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. முடிவில் நாயைக் கொல்லும் பொறுப்பு ஓர் இளைஞரிடம் போனது. அவர் பெயர் ஹென்றி டேல்.

பார்வையாளர் வரிசையில் ஸ்வீடனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். லிசி லிண்ட் அஃப் ஹாகெபி, லெய்சா ஷார்டாவ். இருவரும் மருத்துவ மாணவிகள். விலங்குச் சோதனைகளை எதிர்ப்பதற்காகவே அவற்றை நேரில் பார்க்க வந்தவர்கள். கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார்கள். தழும்பை எழுதினார்கள். நாய் முழு மயக்கத்தில் இல்லை என்றும் எழுதினார்கள்.

முதல் சோதனை முடிந்ததும் அந்த விலங்கைக் கொன்றுவிட வேண்டும், இரண்டாவது சோதனைக்கு உயிரோடு வைத்திருக்கக் கூடாது என்பது 1876-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நாட்குறிப்பு ஸ்டீபன் கோல்ரிட்ஜ் என்ற வழக்கறிஞரின் கைக்குப் போனது. மே 1 அன்று திரண்டிருந்த கூட்டத்தின் முன் அவர் பேலிஸைப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். மயக்க மருந்து சரியாகவே கொடுக்கப்பட்டது என்ற பேலிஸ் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மன்னிப்பு வரவில்லை. கூட்டத்தைக் கண்டாலே கூசும் அந்த மனிதர் நீதிமன்றப் படியேறினார்.

நவம்பர் மாதம். ஜூரிகள் அமர்ந்துவிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறுகிறார் ஸ்டார்லிங். ஒரே நாயை இரண்டு முறை பயன்படுத்தினீர்களா?

ஆமாம் என்று சட்டமீறலை ஒப்புக்கொண்டார் ஸ்டார்லிங். நீதிமன்றத்திலேயே இப்படி ஒப்புக்கொண்டவர் அதற்கு என்ன காரணம் சொன்னார்? அதன் பிறகும் ஜூரிகள் யார் பக்கம் சாய்ந்தார்கள்? இறந்துபோன அந்தப் பழுப்பு நாய்க்காக லண்டன் தெருக்களில் மாணவர்களும் போலீசாரும் மோதிக்கொண்டது ஏன்?

(அடுத்த வாரம் தொடரும்)